ரீஃப் டேங்க் (பவளம் வளக்குற கடல்தண்ணித் தொட்டி) உப்பளவு: கேளுங்க, சொல்லுதேன்

மார்த்தாண்டம்: தினமும் தண்ணி ஒரு விரக்கடை வத்துது. உப்புத்தண்ணி கலக்கி நிரப்புதேன். ஜோவா பவளம் எல்லாம் சுருங்கிக் கிடக்கு அண்ணாச்சி.

ஆவியாப் போறது வெறும் தண்ணி மட்டும். உப்பு தொட்டியிலதான் கிடக்கும். மேல மேல உப்புத்தண்ணி ஊத்தினா ஏறாம என்ன செய்யும்? சம்ப்ல (தொட்டியோட சேர்ந்த வடிகட்டித் தொட்டி) மார்க்கர் கோடு போட்டு, வத்தினதுக்கு ஆர்ஓ தண்ணி (உப்பெல்லாம் வடிகட்டின தண்ணி) மட்டும் ஊத்துங்க. ஏறினத இறக்க, கொஞ்சம் எடுத்துட்டு ஆர்ஓ சேருங்க. ஒரு நாளைக்கு ஒப்படர்த்தியில (நல்ல தண்ணியவிட எத்தனை மடங்கு கனம்ங்கிற அளவு) 0.001க்கு மேல இறக்காதீங்க.

தக்கலை: எவ்வளவு இருக்கணும்?

35 பிபிடி, அதாவது ஒரு கிலோ கடல்தண்ணியில 35 கிராம் உப்பு. 25 டிகிரியில ஒப்படர்த்தி 1.026.

நாகர்கோவில்: என் ரிஃப்ராக்டோமீட்டர் (கண்ணு வச்சு உப்பளவு பாக்குற கருவி) 1.026 காட்டுது, கூட்டுக்காரன் மீட்டர் 1.023. எத நம்ப?

ரெண்டையும் நம்பாதீங்க. 35 பிபிடி அளவுத் திரவம் ஒரு பாட்டில் வாங்கி ரெண்டுலயும் சொட்டு விட்டுப் பாருங்க. டிஸ்டில்டு வாட்டர்ல பூஜ்யம் வச்சா போதாது, பூஜ்யத்துல சரியா நின்னு 35ல வழுக்குற மீட்டர் நிறைய உண்டு. விலை குறைஞ்சதுல பலது சோடியம் குளோரைடு கரைசலுக்கு அளவு போட்டது. கடல்தண்ணி 35ஐ அது 36.5னு காட்டும். சொட்டு விட்டதும் கண்ண வைக்காம அரை நிமிஷம் பொறுங்க.

சாமித்தோப்பு: அளத்து உப்பு சும்மா கிடைக்கும். போடலாமா?

மீன் குழம்புக்குப் போடுங்க. பாத்தியில உப்பு விளையுறதுக்கு முன்னாலயே கால்சியம் ஜிப்சமா படிஞ்சிரும், மெக்னீசியமும் பொட்டாசியமும் உப்பு எடுத்த பிறகு மிஞ்சுற கசப்புநீரோட போயிரும். மீட்டர்ல 1.026 வரும், பவளம் எலும்பு கட்ட ஒண்ணும் இருக்காது.

கருங்கல்: வத்தின தண்ணிக்கு உப்பு கலக்கணுமா?

மேல படிங்க.

குளச்சல்: கடல் வாசல்ல கிடக்கு, உப்பு பாக்கெட் எதுக்கு?

கரையில மொண்டா டீசலும் சாக்கடையும் சேர்ந்துதான் வரும். மழை நேரம் மணக்குடிப் பொழி, தேங்காப்பட்டணம் முகத்துவாரம் பக்கம் போகவே வேண்டாம்.

முட்டம்: எங்க அப்பா வள்ளத்துல ஆழத்துலேந்து கொண்டுவாறாரு. பாக்கெட் உப்பு விக்கிறவன் சொல்லுத கதையாக்கும் இதெல்லாம்.

நான் உப்பு விக்கல. ஆழக்கடல் தண்ணி நல்லதுதான், ஆனா வருஷம் முழுக்க ஒரே தண்ணி இல்ல. வடகிழக்குப் பருவமழை முடியுற சமயம் வங்கக்கடலோட உப்பு குறைஞ்ச தண்ணி குமரிமுனையைச் சுத்தி இந்தப் பக்கம் வரும். ஒவ்வொரு கேனையும் அளந்தீங்களா?

இரணியல்: வத்தின தண்ணிக்கு...

ஆர்ஓ. ஆர்ஓ. ஆர்ஓ. தண்ணியில கரைஞ்சிருக்கத அளக்குற டிடிஎஸ் மீட்டர்ல பூஜ்யத்தை ஒட்டி வரணும், குடிக்கிற ஆர்ஓ மெஷின் தண்ணின்னா அளக்காம ஊத்தாதீங்க.

மணவாளக்குறிச்சி: எங்க ஊர் கடல்மணல் போடலாமா? பாறையில ஒட்டுன பவளமும் கிடைக்கும்.

இல்மனைட், மோனசைட் கனிமங்கள் கலந்த மணல், வேண்டாம். பவளத்தத் தொடாதீங்க. கல்பவளம் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972ல அட்டவணை 1. கடல்குதிரையும் அந்தச் சட்டத்துல உண்டு. கேஸ் ஆகும்.

முட்டம்: அளந்தேன் அண்ணாச்சி. 34. போன மாசம் 35 இருந்துது.

அப்ப அந்த ஒரு பிபிடிக்கு லிட்டருக்கு ஒரு கிராம் ரீஃப் உப்பு போட்டு, ஒரு நாள் பவர்ஹெட் (தண்ணியச் சுழல வைக்குற பம்பு) ஓடவிட்டு, திரும்ப அளந்துட்டு ஊத்துங்க மக்கா.