கலிஃபோர்னியாவில் வீட்டு எலுமிச்சையும் அரசின் நோய்த்தடுப்பும்: கேள்வி பதில்

கேள்வி (ஆர்ட்டீசியா): எங்கள் எலுமிச்சை நன்றாகக் காய்க்கிறது. ஆனாலும் வேளாண் துறையினர் இலைகளைப் பறித்துச் சென்றார்கள். எதற்காக ஐயா?

பதில்: எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற மரங்களைத் தாக்கும் சிட்ரஸ் கிரீனிங் நோய் இருக்கிறதா என்று சோதிக்கத்தான். இந்நோய்க்குக் காரணம் ஒரு பாக்டீரியா. அதை மரத்துக்கு மரம் கொண்டு செல்வது ஆசியச் சில்லிட் என்னும் சாறு உறிஞ்சும் பூச்சி. கிருமி புகுந்த பின்னும் மரம் ஓரிரு ஆண்டுகள் வரை செழிப்பாகவே தோன்றலாம் என்பதால், ஆய்வகச் சோதனையின்றி எதையும் உறுதியாகச் சொல்ல இயலாது. இம்மாநிலத்தில் பூச்சி 2008-இலும் நோய் 2012-இலும் முதன்முதலாகத் தென்பட்டன. நோய் கண்ட அந்த முதல் மரம் நின்றது ஹசியெண்டா ஹைட்ஸில் ஒரு வீட்டுத் தோட்டத்தில். அதனால்தான் தோப்புகளோடு நிற்காமல் வீடு வீடாகவும் வருகிறார்கள்.

கேள்வி (அனஹைம்): நோய் உறுதியானால் மரத்தை வெட்டியே ஆக வேண்டுமா?

பதில்: ஆம், குணப்படுத்தும் மருந்து இல்லை. மரத்தை அகற்றும் செலவை அரசே ஏற்கிறது. பெற்றோர் நட்ட மரம் என்று தயங்குவோரின் வேதனை எனக்குப் புரிகிறது; ஆயினும் அம்மரம் பிழைக்கப் போவதில்லை, நிற்கும் வரை அண்டை வீட்டு மரங்களுக்கும் நோயைப் பரப்பிக்கொண்டிருக்கும்.

கேள்வி (சான் டியேகோ): ஃபுளோரிடாவில் இலட்சக்கணக்கான மரங்களை வெட்டியும் பயனில்லையே?

பதில்: அங்கே வெட்டியது வேறொரு நோய்க்காக. 1995-இல் மயாமி அருகே சிட்ரஸ் கேங்கர் எனப்படும் சொறி நோய் மீண்டும் தலைகாட்டிய பிறகு, நோயுற்ற மரத்தைச் சுற்றி 1,900 அடிக்குள் இருந்த நல்ல மரங்களையும் வெட்ட வேண்டும் என்ற விதி வந்தது. மக்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். 2004, 2005 ஆண்டுகளின் புயல்கள் கிருமியை மழையோடும் காற்றோடும் வாரியிறைத்துவிட, 2006 ஜனவரியில் மத்திய அரசு ஒழிப்பு முயற்சியைக் கைவிட்டது.

கிரீனிங்கின் கதை இதைவிடக் கொடியது. அங்கே சில்லிட் பூச்சி 1998-இலேயே தெரிந்தது; நோய் தெரிந்தது 2005-இல். இடைப்பட்ட ஆண்டுகளில் நாற்றங்கால்களில் விற்ற ஆரஞ்சு ஜாஸ்மின் என்ற அழகுச்செடியோடு பூச்சி மாநிலமெங்கும் பயணம் செய்தது. 1997-98 பருவத்தில் 24.4 கோடி பெட்டி ஆரஞ்சு விளைந்த மாநிலத்தில், 2023-24-இல் 2 கோடிப் பெட்டிகூடத் தேறவில்லை. செடிகளின் நடமாட்டத்தைத் தொடக்கத்திலேயே கட்டுப்படுத்தாததுதான் பெரும் பிழை என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி (ஆர்வைன்): ஊரிலிருந்து கறிவேப்பிலை கொண்டுவரலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம்; சட்டப்படியும் தடை உண்டு. கறிவேப்பிலையும் எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்ததே. அதற்குக் கிரீனிங் நோய் வருவதில்லை என்றாலும், சில்லிட் அதன் கொழுந்தில் முட்டையிட்டுப் பெருகும். உரிமம் பெற்ற நாற்றங்காலில் கன்று வாங்குங்கள். நோயும் பூச்சியும் பரவாதிருக்க அரசு தனிமைப்படுத்தியுள்ள பகுதியிலிருந்து செடியையோ கொத்தையோ நண்பருக்குக் கொடுத்தனுப்பாதீர்கள். துளிர் விடும்போதெல்லாம் உற்றுப் பாருங்கள்: மஞ்சள் முட்டைகளும், சுருண்ட வெண்ணிற மெழுகிழைகளை வெளியிடும் குஞ்சுகளும், தலையைத் தாழ்த்திப் பின்புறத்தைச் சரிவாகத் தூக்கி நிற்கும் 3 மில்லிமீட்டர் பூச்சியும் கண்ணில் பட்டால் மாவட்ட வேளாண் ஆணையர் அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள்.

கேள்வி (ரிவர்சைடு): குளவிகளை விடுகிறார்களாமே, கொட்டுமா?

பதில்: கொட்டாது. டமாரிக்சியா என்ற அந்த நுண்ணிய குளவி, பாகிஸ்தானின் பஞ்சாபிலிருந்து கொண்டுவரப்பட்டு, ஆய்வுக்குப் பின் 2011 இறுதியில் இங்கே விடப்பட்டது. சில்லிட் குஞ்சின் அடிவயிற்றில் அது முட்டையிட, வெளிவரும் புழு குஞ்சையே தின்று வளரும். ஆனால் குஞ்சுகள் சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் காவல் நின்று குளவியை விரட்டிவிடும். ஆகவே மரத்தடியில் எறும்பைக் கட்டுப்படுத்துங்கள். எறும்பு ஏறாதபடி, தரையைத் தொடும் கிளைகளைக் கழித்துவிடுங்கள்.