மூன்று முறை முதல்வர்

கேள்வி: ஓ.பன்னீர்செல்வம் மூன்று முறை முதல்வரானது எப்படி?

பதில்: மூன்றும் ஜெயலலிதாவின் இடம் காலியானதால் வந்தவை. பெரியகுளம் நகராட்சித் தலைவராக இருந்த பன்னீர்செல்வம், 2001-இல்தான் முதன்முறையாக எம்.எல்.ஏ. ஆனார், வருவாய்த் துறை கிடைத்தது. அவ்வாண்டு செப்டம்பர் 21-இல் எம்.எல்.ஏ. ஆகாமலே முதல்வரான ஜெயலலிதாவின் நியமனம் செல்லாது என்றது உச்ச நீதிமன்றம்; அந்த இடத்துக்கு வந்தார் பன்னீர்செல்வம். எம்.எல்.ஏ. அல்லாதவர் ஆறு மாதம் அமைச்சராக இருக்க அரசியல் சட்டத்தின் 164(4) பிரிவு இடம் தருகிறதே என்பார்கள். ஆனால் வழக்கில் தண்டனை பெற்றுத் தேர்தலில் போட்டியிடும் தகுதியையே இழந்தவருக்கு அந்தச் சலுகை கிடையாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். மிகச் சரியான தீர்ப்பு.

அடுத்த இரண்டு முறைக்கும் காரணம், 2014-இல் ஜெயலலிதாவுக்குச் சொத்துக் குவிப்பு வழக்கில் தண்டனை, 2016 டிசம்பரில் அவரது மரணம். 2017-இல் பன்னீர்செல்வம் துணை முதல்வரானாரே, அப்படியொரு பதவி அரசியல் சட்டத்தில் இல்லை. சட்டப்படி அவரும் ஓர் அமைச்சரே.