கேளுங்கள், சொல்கிறேன்: பத்துத் தடையும் ஒரு பேட்டனும்

கேள்வி: ஜமைக்கா என்றாலே எல்லோரும் உசேன் போல்ட் பேச்சுதான் பேசுகிறார்கள். பெண்களில், அதுவும் தடை ஓட்டத்தில், பேர் சொல்லும்படி அங்கே யாராவது உண்டா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்)

பதில்: உண்டு சார். டியான் ஹெமிங்ஸ். இந்தப் பேரை எத்தனை பேரிடம் சொன்னேனோ அத்தனை பேரும் "யார் அது?" என்றுதான் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். அதனால் உங்களுக்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1968-ல் செயின்ட் ஆன் பகுதியில் பிறந்தவர், பாப் மார்லி பிறந்ததும் அதே பகுதிதான். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், சென்ட்ரல் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே ஓடினார். அவருடைய போட்டி 400 மீட்டர் தடை. மைதானத்தை முழுசாக ஒரு சுற்று, வழியில் பத்துத் தடை, பெண்களுக்கு ஒவ்வொன்றும் 76.2 சென்டிமீட்டர் உயரம், கிட்டத்தட்ட நம் சாப்பாட்டு மேஜை அளவு. தடை இல்லாமல் ஓடினாலே கடைசி நூறு மீட்டரில் கால் கல்லாகக் கனக்கும். அந்தக் கனத்த காலைத் தூக்கித்தான் ஒன்பதாவதையும் பத்தாவதையும் தாண்ட வேண்டும்.

1995-ல் ஸ்வீடனின் கோதன்பர்க்கில் நடந்த உலகப் போட்டியில் அமெரிக்காவின் கிம் பேட்டன் 52.61 விநாடியில் உலக சாதனை படைத்தார், பின்னாலேயே டோன்யா புஃபர்ட் 52.62. இரண்டு பேருமே பழைய சாதனையைத் தாண்டிவிட்டார்கள். ஹெமிங்ஸ் 53.48 விநாடியில் மூன்றாவது. கிட்டத்தட்ட 0.9 விநாடி பின்னால், இந்த ஓட்டத்தில் அது பெரிய தூரம். மறு வருஷம் ஒலிம்பிக் அட்லாண்டாவில், அதாவது அந்த இரண்டு பேரின் சொந்த நாட்டில். நீங்களாக இருந்தால் யார் மேல் நம்பிக்கை வைத்திருப்பீர்கள்? ஹெமிங்ஸ் அரையிறுதியில் 52.99 ஓடி ஒலிம்பிக் சாதனை வைத்தார், இறுதியில் 52.82 ஓடி அதையும் தாண்டினார். பேட்டன் 53.08, புஃபர்ட் 53.22. ஒரே வருஷத்தில் வரிசை தலைகீழானது.

அந்தத் தங்கத்தின் எடை தெரிய வேண்டுமானால் ஜமைக்காவின் கணக்கைப் பார்க்க வேண்டும். 1976-ல் டான் குவாரி 200 மீட்டரில் ஜெயித்த பிறகு இருபது வருஷமாக அவர்களுக்கு ஒலிம்பிக் தங்கமே கிடையாது. பெண்களில் அதற்கு முன்னாலும் ஒருவரும் இல்லை. மெர்லின் ஆட்டி என்ற மகத்தான ஓட்டக்காரி ஒலிம்பிக்கில் ஒன்பது பதக்கம் வாங்கியும் அதில் ஒன்றுகூடத் தங்கம் இல்லை என்பது இன்றைக்கும் எனக்கு ஆறாத வருத்தம். அப்படிப்பட்ட நாட்டில் தங்கம் வாங்கிய முதல் பெண் ஹெமிங்ஸ். அப்போது அவர்கள் ஜனத்தொகையே ஏறக்குறைய 25 லட்சம், நம் தஞ்சாவூர் மாவட்டத்தில் மட்டும் 2011 கணக்குப்படி 24 லட்சம் பேர் இருக்கிறோம். தங்கம் வாங்கிய அடுத்த ஜமைக்காப் பெண் வெரோனிகா கேம்பல் எட்டு வருஷம் கழித்து 2004-ல்தான் வந்தார், மெலைன் வாக்கர் இதே தடை ஓட்டத்தில் 52.64-ல் தங்கம் வாங்கியது 2008-ல்.

ஆனால் எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்தத் தங்கத்தால் இல்லை சார். 1997 ஏதென்ஸில் வெள்ளி, 1999 செவில்லில் வெண்கலம், 2000 சிட்னி ஒலிம்பிக்கில் வெள்ளி. 1995 முதல் 2000 வரை நடந்த உலகப் போட்டிகளும் ஒலிம்பிக்கும் சேர்ந்து மொத்தம் ஐந்து, ஐந்திலும் மேடை ஏறியிருக்கிறார். நம் பக்கத்தில் ஒரு குறுவை நன்றாகக் கண்டுவிட்டால் ஆளுக்கு ஆள் காரணம் சொல்வார்கள், மழை என்பார்கள், மேட்டூர் தண்ணீர் என்பார்கள். ஐந்து போகம் விடாமல் கண்டால் அது அந்த விவசாயியின் கை. ஹெமிங்ஸுடையது அந்தக் கை. சிட்னியில் அவருக்கு வயது 32-ஐ நெருங்கிவிட்டது, எதிரே நூறு, இருநூறு மீட்டரில் பேர் வாங்கிவிட்டு இந்தப் பக்கம் வந்த ரஷ்யாவின் இரினா பிரிவலோவா. அவர் 53.02, இவர் 53.45. தோற்ற அதே வாரத்திலேயே நாட்டுக்காக, நான்கு பேர் ஆளுக்கு 400 மீட்டர் ஓடும் 4x400 ரிலேயில் இறங்கினார். சாண்டி ரிச்சர்ட்ஸ், கேத்தரின் ஸ்காட், ஹெமிங்ஸ், லொரெய்ன் கிரஹாம், நான்கு பேரும் 3 நிமிடம் 23.25 விநாடியில் வெள்ளி. 1997-லும் ரிலேயில் வெண்கலம் வாங்கிய அணியில் அவர் இருந்தார். தன் ஓட்டம் முடிந்தது என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர் இல்லை அவர்.

கேள்வி: அந்த சிட்னி ரிலேயில் ஜெயித்த அமெரிக்க அணியில் மரியன் ஜோன்ஸ் இருந்தாரே. ஊக்கமருந்து விஷயம் வெளியே வந்தபின் தங்கம் ஜமைக்காவுக்கு வந்ததா?
(வாசகர், மயிலாடுதுறை)

பதில்: வரவில்லை. ஜோன்ஸின் பதக்கம் போனது. கூட ஓடியவர்களின் பதக்கத்தையும் 2008-ல் பறித்தார்கள், ஆனால் ஒருவர் தப்புக்காக மொத்த அணியையும் நீக்க அன்றைய விதியில் இடமில்லை என்று விளையாட்டுத் தீர்ப்பாயம் 2010-ல் திருப்பிக் கொடுத்துவிட்டது. தப்பே செய்யாத அமெரிக்கப் பெண்களைப் பார்த்தால் தீர்ப்பு சரிதான் என்று தோன்றுகிறது. ஜமைக்காப் பெண்கள் பக்கம் பார்த்தால் மனசு அடித்துக்கொள்கிறது.

கேள்வி: என் மகள் பத்தாவது படிக்கிறாள், நன்றாக ஓடுகிறாள். "பொம்பளப் புள்ளய அரைக்கால் சட்டையோட ஓடவிட்டு என்னத்தக் காணப்போற" என்று சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள். நம் பக்கத்திலிருந்து போய் யாராவது மேலே வந்திருக்கிறார்களா?
(விவசாயி, திருத்துறைப்பூண்டி)

பதில்: ஐயா, உங்களுக்கு எட்டும் தூரத்திலேயே ஆள் இருக்கிறார். லால்குடி பக்கத்து ஆரோக்ய ராஜீவ், 2014 ஆசியப் போட்டியில் 400 மீட்டரில் வெண்கலம், 2018-ல் ரிலே பதக்கங்கள். பெண் பிள்ளை வேண்டுமென்றால் கோயம்புத்தூர் வித்யா ராம்ராஜ் இருக்கிறார். 1984 ஒலிம்பிக்கில் பி.டி. உஷா 400 மீட்டர் தடையில் 55.42 ஓடினார், நூறில் ஒரு பங்கு விநாடியில் வெண்கலம் போனது. அந்த 55.42-ஐ 39 வருஷம் நம் நாட்டில் ஒருவரும் எட்டவில்லை. 2023-ல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் வித்யா அதே 55.42-ஐ ஓடினார். இறுதியில் வெண்கலம், அப்புறம் ரிலேயில் வெள்ளி. ஹெமிங்ஸ் போலவே தடையும் ரிலேயும்.

பேசுகிறவர்கள் பேசட்டும். நீங்கள் செய்ய வேண்டியது, காலையில் அவள் ஓடும்போது வாய்க்கால் கரையில் சைக்கிளோடு போய் நிற்பது. அப்பா நிற்கிறார் என்று தெரிந்தால் பாதிப் பேச்சு அடங்கிவிடும். ஸ்பைக்ஸ், அதாவது அடியில் ஆணி வைத்த ஓட்ட ஷூ, இப்போதைக்கு அவசரமில்லை, காலுக்குச் சரியான சாதாரண ஷூ போதும்.

கேள்வி: ஐயா, நான் பதினொன்றாம் வகுப்பு. 400 மீட்டர் தடையில் ஐந்தாவது தடை வரை ஒழுங்காகப் போகிறேன், அதற்குப் பிறகு தடைக்கு முன்னால் தத்தித் தத்தி நின்று தாண்டுகிறேன். பி.டி. சார் ரிலேயிலும் பேர் கொடுத்துவிட்டார். இரண்டும் முடியுமா?
(மாணவி, மன்னார்குடி)

பதில்: முடியும் பாப்பா. முதலில் அந்தத் தத்தல். அது பயத்தால் வருவதில்லை, அடிக்கணக்கு தப்புவதால் வருகிறது. முதல் தடைக்கு 45 மீட்டர், அப்புறம் தடைக்குத் தடை 35 மீட்டர், கடைசித் தடையிலிருந்து கோட்டுக்கு 40 மீட்டர். பெரிய வீராங்கனைகள் இந்த 35 மீட்டரைப் பதினைந்து அடியில் எடுக்கிறார்கள். உனக்கு அது வேண்டாம். பதினேழு வந்தால் பதினேழு, எப்போதும் ஒரே கால் முன்னால் வரும். களைப்பில் ஓர் அடி கூடிவிட்டால் மற்றக் கால் முன்னால் வந்துவிடும். அந்தக் காலால் தாண்டிப் பழக்கமில்லாததால்தான் நீ நிற்கிறாய். அதனால் வாரத்தில் இரண்டு நாளாவது பழகாத காலை முன்னால் போட்டுத் தாண்டிப் பார். வளைவில் இடது கால் முன்னால் வருவது நல்லது, உள்கோட்டை ஒட்டி ஓடலாம். வலது கால் முன்னால் வந்தால் பின்னால் வரும் இடது காலைக் கவனி, தடைக்கு வெளியே சுற்றி வந்தால் போட்டியிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

பள்ளிக்கூடத்தில் தடை குறைவாக இருந்தால் இரண்டு மூங்கில் கழி நட்டு மேலே தேங்காய்நார்க் கயிற்றைத் தளர்வாகக் கட்டு. கால் பட்டால் கயிறு விழ வேண்டும், நீ விழக்கூடாது. வீட்டிலிருந்து ஒரு டப்பா கோலமாவு கொண்டுபோய், தடைக்கு முன்னால் உன் கடைசி அடி எங்கே விழுகிறதோ அங்கே தோழியை ஒரு கோடு போடச் சொல். முதல் மூன்று தடையில் கோடு ஒரே தூரத்தில் விழும், ஐந்தாவதில் ஒரு சாண் பின்னால் விழுந்திருக்கும், ஆறாவதில் ஒரு முழம். எந்தத் தடையில் அடி மாற வேண்டும் என்பதை அந்த மாவே சொல்லிவிடும். முன்கூட்டியே தெரிந்து அடி மாற்றினால் தத்த வேண்டியதில்லை.

ரிலேக்கு வருவோம். 4x100-ல் திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டுவார்கள். 4x400-ல் அப்படிச் செய்யாதே. வருகிறவள் ஓய்ந்துபோய் வருவாள், வேகம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று நீதான் திரும்பிப் பார்த்து, அதற்குத் தகுந்தபடி கிளம்பி, பேட்டனை, அதாவது ரிலேயில் கைமாறும் அந்தக் குச்சியை, அவள் கையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு போட்டியும் ஒரே நாளில் வந்தால் நடுவில் உட்கார்ந்து சாதம் சாப்பிடாதே, இரண்டு வாழைப்பழமும் தண்ணீரும் போதும், கொஞ்சம் நடந்துகொண்டே இரு. மேட்டூர் தண்ணீர் வருமுன் ஆறு காய்ந்து கிடக்கும் நாட்களில் மணலில் மெதுவாக ஓடு, கணுக்கால் உறுதியாகும், ஆனால் மணலில் தடை தாண்ட வேண்டாம்.

சோனல்ஸ் (மண்டலப் போட்டி) முடிந்ததும் ஐந்தாவது தடைக்கு அப்புறம் எத்தனை அடி வந்தது என்று எனக்கு எழுது.