குதிரையின் பல்லை யாரிடம் காட்டுவது?

முக்கூடலுக்கு அருகிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவரிடம் ஒன்பது வயதான கத்தியவாரி இனப் பெண் குதிரை ஒன்று உள்ளது. திருமண ஊர்வலங்களுக்கும் கோயில் கொடை விழாக்களுக்கும் அதை அனுப்பி வருகிறார். சில வாரங்களாக, பாதி மென்ற சோளத்தட்டை உருண்டை உருண்டையாகக் குதிரையின் வாயிலிருந்து கீழே விழுகிறது. கடிவாளத்தை இடப்பக்கம் இழுத்தால் அது தலையை உதறுகிறது. ஊர் ஊராகச் சென்று குதிரைப் பல்லை அரத்தால் ராவும் ஒருவர் அடுத்த மாதம் இப்பக்கம் வருவார் என்று லாடம் அடிப்பவர் சொல்லியிருக்கிறார். வருகிறவர் முன்பணம் கேட்கிறார். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தின் மருத்துவரோ, தமக்குக் குதிரைகளைப் பார்த்த பழக்கம் குறைவு என்று சொல்லிவிட்டார். இவ்விருவரில் யாரை நம்புவது என்பது அவருடைய கேள்வி.

முன்பணம் கொடுக்க வேண்டாம். பழக்கம் குறைவு என்று நேராகச் சொன்ன அந்த மருத்துவரிடமிருந்தே தொடங்குங்கள். அவரால் எல்லாவற்றையும் செய்து முடிக்க இயலாமல் போகலாம். ஆனால் இந்தப் பணியில் சட்டப்படியும் மருத்துவப்படியும் தவிர்க்க முடியாத பகுதிகள் சில அவர் வழியாகவே நடக்க வேண்டியிருக்கிறது.

குதிரையின் பல் நம்முடைய பல்லைப் போன்றதன்று. கடைவாய்ப் பல்லின் பெரும்பகுதி தாடை எலும்புக்குள் புதைந்திருக்கும். மேற்பரப்பு தேயத் தேய, ஆண்டுக்கு ஏறத்தாழ 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை அது ஈறுக்கு வெளியே வந்துகொண்டே இருக்கும். மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகன்றது என்பதால், மேல்வரிசைப் பற்களின் கன்னப்பக்க விளிம்பும் கீழ்வரிசைப் பற்களின் நாக்குப்பக்க விளிம்பும் முழுமையாகத் தேயாமல் கூர்மையடைந்து, கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கின்றன. புல்லை நாளெல்லாம் அரைத்துத் தின்னும் குதிரைக்குத் தாடை அகலமாகப் பக்கவாட்டில் அசையும். காணமும் (கொள்ளு) தவிடும் மிகுதியாகவும் நார்த்தீவனம் குறைவாகவும் கிடைக்கும் குதிரைக்கு அந்த அசைவு குறுகிவிடுவதால், கூர்முனைகள் விரைவில் உருவாகும். நம் பகுதியில் லாயத்தில் கட்டியே வளர்க்கப்படும் ஊர்வலக் குதிரைகளிடம் இதற்கான வாய்ப்பு மிகுதி.

நீங்கள் குறிப்பிட்ட அடையாளங்கள் பல் கோளாற்றுக்குப் பொருந்துகின்றன. சாணத்தில் முழுக் காணம் அப்படியே வருவது, நீண்ட நார் தென்படுவது, வாய் நாற்றம், ஒரு பக்க மூக்கில் மட்டும் துர்நாற்றத்துடன் சளி வடிவது ஆகியவையும் இதே திசையைக் காட்டும். மேல்தாடையின் பின்பகுதிக் கடைவாய்ப் பற்களின் வேர்கள் முகத்தின் காற்றறையை ஒட்டியிருப்பதால், பல்லில் ஏற்படும் சீழ் மூக்கின் வழியே வெளிவருகிறது. எனினும் எல்லாவற்றையும் பல்லின் தலையில் கட்டிவிடக் கூடாது. எச்சில் வடிய, விழுங்க முடியாமல் தவிக்கும் குதிரைக்கு வெறிநோய் இருக்கக்கூடும் என்பதை நம் நாட்டில் எவரும் மறக்க இயலாது. அப்படிப்பட்ட குதிரையின் வாய்க்குள் யாரும் கைவிடக் கூடாது. மூக்குச் சளியோடு மூக்கினுள் புண்ணோ தோலில் கட்டிகளோ தென்பட்டால், மனிதருக்கும் தொற்றக்கூடிய கிளாண்டர்ஸ் நோயை நினைவில் கொள்ள வேண்டும்; அது அரசுக்குத் தெரிவிக்கப்பட வேண்டிய நோய். இவற்றை விலக்கிய பிறகே அரத்தைக் கையில் எடுக்க வேண்டும், விலக்கிப் பார்க்கத் தகுதியுள்ளவர் மருத்துவர் மட்டுமே.

சட்டமும் அதையே சொல்கிறது. 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டத்தின் 30ஆம் பிரிவின்படி, பதிவு பெற்ற கால்நடை மருத்துவரே கால்நடை மருத்துவம் செய்யலாம். மாநில அரசு அனுமதிக்கும் பட்டய, சான்றிதழ்ப் படிப்பாளர்கள், பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் சிறு பணிகளை மட்டும் செய்யலாம். பிரிட்டனில் தேர்வெழுதிச் சான்று பெற்ற குதிரைப் பல் தொழில்நுட்பர்கள் தனியே பணியாற்றுகிறார்கள். அங்கும் மயக்க ஊசியை மருத்துவர்தான் போட வேண்டும். நம்மிடம் அத்தகைய சான்று முறை இல்லாத நிலையில், ‘குதிரைப் பல் நிபுணர்’ என்று ஒருவர் தம்மை அழைத்துக்கொள்வதற்குப் பின்னால் என்ன பயிற்சி இருக்கிறது என்பதைச் சரிபார்க்க நமக்கு வழி கிடையாது.

ஊர் சுற்றிப் பல் ராவுகிறவர்கள் அனைவரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. குதிரையை அடக்கிப் பிடிப்பதில் அவர்களுள் சிலருக்கு இருக்கும் கைப்பழக்கம் கல்லூரியில் படித்துவந்த பலருக்கு இல்லை. ஆனால் அவர்கள் மீது நம்பிக்கை ஏற்படுவது பெரும்பாலும் ஒரு காட்சியால்தான்: உதட்டை விலக்கி வெட்டுப்பற்களைப் பார்த்த மாத்திரத்தில் குதிரையின் வயதைச் சொல்லிவிடுவார்கள். சந்தையில் குதிரை வாங்குகிறவருக்கு அது பயனுள்ள திறமைதான். ஐந்து வயது வரை அது பெருமளவு சரியாகவும் இருக்கும், அதன் பிறகு மதிப்பீடு தளர்ந்துகொண்டே போகும். உங்கள் குதிரையின் சிக்கலோ முன்பற்களில் இல்லை. மேலும் கீழுமாக 24 கடைவாய்ப் பற்கள் கன்னத்துக்குள்ளே பின்னோக்கிச் செல்கின்றன. கடைசிப் பல்லை, வாயைத் திறந்தே நிறுத்தும் கருவியும் நல்ல வெளிச்சமும் இல்லாமல் எவராலும் பார்க்க முடியாது. நாக்கை வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு, முன்னிருக்கும் இரண்டு மூன்று பற்களை மட்டும் கரகரவென்று ராவிவிட்டுப் பணம் வாங்கிக்கொள்வது பல் மருத்துவம் ஆகாது. ஒரே அரத்தைக் கழுவாமல் லாயத்துக்கு லாயம் கொண்டுசெல்வது தொற்றுநோயையும் கூடவே கொண்டுசெல்லும்.

ஆகவே ஒருவர் நம்பத்தக்கவரா என்பதை அவர் அரத்தை எடுப்பதற்கு முன் செய்வதை வைத்து முடிவு செய்யலாம். முதலில் அவர் கேள்வி கேட்பார்: என்ன தீவனம், எவ்வளவு நாளாக இந்தத் தொல்லை, சினையா, ரணஜன்னித் (டெட்டனஸ்) தடுப்பூசி எப்போது போடப்பட்டது, முன்பு மயக்க ஊசிக்கு ஏதேனும் ஒவ்வாமை ஏற்பட்டதா என்று. சற்றுத் தொலைவில் நின்று குதிரை தின்பதைப் பார்ப்பார். நாடித்துடிப்பையும் இதயத்தையும் சோதித்த பின்னர், சைலசின் அல்லது டெட்டோமிடின் போன்ற மருந்தை எடைக்கேற்ப ஊசியாகப் போட்டு, குதிரை நின்றபடியே அரைமயக்கத்தில் தலை தாழ்த்தும் வரை காத்திருப்பார். வாய்க்குள் நீரை அடித்துத் தீவனத்தைக் கழுவி, வாய்திறப்புக் கருவியைப் பொருத்தி, தலைவிளக்கின் ஒளியில் நீண்ட பிடியுள்ள கண்ணாடியைக் கொண்டு ஒவ்வொரு பல்லையும், பற்களுக்கிடையே தீவனம் சிக்கியுள்ள இடுக்குகளையும், கன்னத்தின் உட்புறப் புண்களையும் பார்ப்பார்; விரலாலும் தடவி ஆடும் பல் உண்டா என்று அறிவார். கண்டதைப் பற்களின் வரைபடத்தில் பல்வாரியாகக் குறித்து, உங்களிடம் காட்டி, என்ன செய்யப் போகிறார் என்பதைச் சொன்ன பிறகே வேலையைத் தொடங்குவார். சில நேரம் இத்தனையும் செய்துவிட்டு, ‘இந்த ஆண்டு ராவ வேண்டியதில்லை’ என்றும் சொல்வார். அப்படிச் சொல்லக்கூடியவர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

அளவுக்கு மீறி ராவுவது, ராவாமல் விடுவதைவிடப் பல நேரங்களில் கெடுதலானது. கூர்முனைகளில் உணர்ச்சி இல்லை. அவற்றை மழுக்குவதால் குதிரைக்கு வலிக்காது. ஆனால் அரைக்கும் மேற்பரப்பு சொரசொரப்பாகத்தான் இருக்க வேண்டும். அம்மிக்கு அவ்வப்போது கொத்து விடுவது எதற்கோ அதற்காகத்தான் அந்தச் சொரசொரப்பும். அதைப் பளிங்குபோல வழவழப்பாக்கிவிட்டால் குதிரையால் நாரை அரைக்க முடியாது. ஒரே நாளில் 5 மில்லிமீட்டரைத் தேய்த்து எடுத்துவிட்டால், இரண்டு ஆண்டு வளர்ச்சியை எடுத்துவிட்டதாகப் பொருள். சில இடங்களில் பல்லின் உயிர்க்கூழே வெளிப்பட்டுப் பல் செத்துவிடக்கூடும். நெடுங்காலம் வளர்ந்துவிட்ட கொக்கிபோன்ற முனைகளைச் சில மாத இடைவெளி விட்டுப் படிப்படியாகவே குறைக்க வேண்டும். மோட்டார் அரம் வைத்திருப்பவர் என்பதற்காக மட்டும் யாரையும் உயர்வாக எண்ண வேண்டாம். பயின்ற கையில் அது நல்ல கருவி, பயிலாத கையில் அதன் சூடே பல்லைக் கெடுத்துவிடும். ஆண் குதிரையின் கோரைப்பல்லை ஈறோடு வெட்டுவதாகச் சொல்பவரையும், கடைவாய் வரிசைக்கு முன்னால் முளைக்கும் சிறு பல்லை மரத்துப்போகும் ஊசிகூட இல்லாமல் பிடுங்குவதாகச் சொல்பவரையும் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். அந்தச் சிறு பல்லின் அருகில் அண்ணத்தின் பெரிய இரத்தக்குழாய் ஓடுகிறது.

திருநெல்வேலிச் சீமையில் இத்தகையவரை எங்கே தேடுவது என்பதுதான் உண்மையான இடர். பாண்டிய நாட்டுக்குக் கடல்வழி வந்த குதிரைகளைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாமல் அவை மடிந்தன என்றும், விற்பனை குறையாதிருக்க வணிகர்கள் குதிரை வைத்தியர்களை இங்கே வரவிடவில்லை என்றும் குறிப்பிடுகிறார். இன்று தடுப்பார் யாருமில்லை. குதிரைகள்தாம் குறைவு, ஆகவே பழக்கமுள்ள மருத்துவர்களும் குறைவு. உங்களுக்கு அண்மையிலுள்ள பெரிய இடம், 2012இல் தொடங்கப்பட்ட இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி. குதிரையை வண்டியில் ஏற்றுவதற்கு முன், அங்கே அறுவைச் சிகிச்சைத் துறையில் பேசி, குதிரைக்குரிய வாய்திறப்புக் கருவியும் அரங்களும் உள்ளனவா, எந்த நாளில் வரலாம் என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பல் பிடுங்க வேண்டிய நிலையோ எக்ஸ்ரே தேவையோ ஏற்பட்டால், சென்னை வேப்பேரியில் 1903 முதல் இயங்கும் கல்லூரியின் மருத்துவமனை வரை போக நேரலாம். மற்றொரு வழியும் உண்டு: சென்னை, பெங்களூர்ப் பந்தயக் குதிரைகளைப் பார்த்துப் பழகிய மருத்துவர் ஒருவரை வரவழைப்பது. ஒரு குதிரைக்காக அவர் வரமாட்டார். பாளையங்கோட்டை, மேலப்பாளையம், அம்பாசமுத்திரம் பகுதிகளில் குதிரை வைத்திருப்பவர்கள் சேர்ந்து ஒரு நாளைக் குறித்து, பயணச் செலவைப் பகிர்ந்துகொண்டால் வரக்கூடும். உங்கள் மருந்தக மருத்துவரையும் அன்று உடனிருக்கச் சொல்லுங்கள். வந்தவர் திரும்பிய பிறகு உங்கள் குதிரையைப் பார்க்கப்போகிறவர் அவர்தான். பழக்கம் வருவதற்கும் அதைவிட நல்ல வாய்ப்பு அமையாது.

யாரை அழைத்தாலும் தொலைபேசியிலேயே சிலவற்றைக் கேட்டுவிடலாம். தமிழ்நாடு மாநிலக் கால்நடை மருத்துவ மன்றத்தில் அவர் பெற்ற பதிவு எண் என்ன? கடைசியாக எப்போது குதிரைக்குப் பல் பார்த்தார்? மயக்க ஊசியை யார் போடுவார்? ஒரு குதிரைக்கும் அடுத்த குதிரைக்கும் இடையில் கருவிகளை எதனால் கழுவுவார்? தம்மால் இயலாதது தென்பட்டால் யாரிடம் அனுப்புவார்? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைக் கூர்ந்து கேளுங்கள். ‘என்னால் முடியாதது எதுவுமில்லை’ என்பவரை நான் என் குதிரையிடம் விடமாட்டேன். கட்டணத்தைப் பரிசோதனை, மருந்து, ராவுதல், பயணம் என்று பிரித்துச் சொல்லச் சொல்வதில் தவறில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ராவியே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறவரை ஐயத்தோடு பாருங்கள். பற்கள் விழுந்து முளைக்கும் இரண்டரை முதல் ஐந்து வயது வரையிலும், முதுமையிலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை நல்லது. இடைப்பட்ட வயதில், குறை ஏதும் இல்லையெனில், ஆண்டுக்கு ஒருமுறை போதும்.

மருத்துவர் பார்க்கும் வரை கடிவாள இரும்பை வாயில் போடாதீர்கள். ஊர்வல ஒப்பந்தங்கள் இருந்தால் வேறு குதிரையை அனுப்புங்கள். காணத்தை நன்கு ஊறவைத்து வேகவைத்தும், தவிட்டை நீரில் குழைத்தும், தட்டைக்குப் பதிலாக மென்மையான பச்சைப் புல்லையும் கொடுங்கள். தீவனமும் நீரும் மூக்கின் வழியே திரும்பி வந்தாலோ, தாடை வீங்கினாலோ, ஒரு வேளைகூடத் தின்னாமல் நின்றாலோ, அது காத்திருக்கும் நேரமன்று. உடனே மருந்தகத்தை அணுகுங்கள், அல்லது 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழையுங்கள்.

சிகிச்சை நாளை வெயில் ஏறுவதற்கு முந்தைய காலை வேளையில், நிழலான, வழுக்காத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அரைமயக்கத்திலுள்ள குதிரை வெப்பத்தைச் சரிவரத் தாங்காது. மயக்கம் முழுமையாகத் தெளியும் வரை தீவனம் வைத்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். வாய்க்கூடை போட்டுக் காத்திருங்கள். ஓரிரு நாள் மெதுவாகத் தின்பது இயல்பு, அதற்கு மேலும் தயங்கினால் ராவியவரிடமே திரும்பக் காட்டுங்கள். கன்னத்துப் புண்கள் ஆறிவிட்டன என்று மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகு கடிவாளத்தைப் போட்டு, முதல் சில நாட்கள் சவாரி இல்லாமல் கையில் பிடித்து நடத்திப் பாருங்கள். பற்கள் சரியான பிறகும் இடப்பக்க இழுப்புக்குத் தலையை உதறினால், அடுத்துப் பார்க்க வேண்டியவை கடிவாள இரும்பின் அகலமும் அதைப் பிடிக்கும் கையும் ஆகும்.