பொண்ணு டிவில வேலை பாக்கணும்னு சொல்றா, சேத்து விடலாமா?

அம்மா, நேத்து ஃபோன்ல அவசரத்துல ரெண்டு வார்த்தைல பதில் சொல்லிட்டேன், அப்புறம் மனசு கேக்கல, அதான் உக்காந்து எழுதுறேன். "டிவின்னா நியூஸ் வாசிக்கிறதுதானே சார், அதுக்கு முகம் வேணும் சிபாரிசு வேணும், நமக்கெதுக்கு"ன்னு கேட்டீங்க. உங்க பயம் புரியுது. ஆனா திரையில தெரியுற அந்த ஒரு முகத்துக்குப் பின்னாடி எத்தன பேரு வேலை பாக்குறாங்கன்னு நீங்க பாத்ததில்ல, அதான் விஷயம்.

போன வருஷம் ஒரு ஸ்டூடண்ட்ட ஒரு நியூஸ் சேனலோட பிசிஆருக்குள்ள கூட்டிட்டுப் போனேன். பிசிஆர்னா லைவ் நிகழ்ச்சிய ஓட்டுற கன்ட்ரோல் ரூம். இருட்டு ரூமு, சுவரு பூரா மானிட்டரு, பேனல் ப்ரொட்யூசர் ஒருத்தங்க, பக்கத்துல எந்த கேமரா படம் திரைக்குப் போகணும்னு மாத்துற ஸ்விட்ச்சர்ல ஒருத்தர், கிராஃபிக்ஸ் போடுறவர், ஆடியோ பாக்குறவர், ஆங்கர், அதாவது நியூஸ் வாசிக்கிறவங்க, பாத்துப் படிக்கிற ப்ராம்ப்டர ஓட்டுறவர். ரிப்போர்ட்டர் லைவ்ல பேசிட்டிருக்கும்போதே லைன் கட் ஆயிடுச்சு. அந்த ப்ரொட்யூசரம்மா பதறவே இல்ல, ஆங்கர் காதுல "லைன் போச்சு, அடுத்தது மழை"ன்னு மட்டும் சொன்னாங்க, ஆங்கர் ஒரு வரில சமாளிச்சு முடிக்கிறதுக்குள்ள மழை விஷுவல் ஓட ஆரம்பிச்சிடுச்சு. நான் கூட்டிட்டுப் போன பொண்ணு ஆங்கராகணும்னு சொல்லிட்டு வந்தவ, ஆனா அவ கண்ணு பூரா அந்த ஆடியோ மிக்ஸர் மேலயே இருந்துச்சு. இப்ப சவுண்ட் படிக்கிறா.

அதனால முதல்ல விஸ்காமா (விஷுவல் கம்யூனிகேஷன்) இன்ஜினியரிங்கான்னு சண்ட போடாதீங்க. உங்க பொண்ணுக்கு கதை சொல்றது பிடிக்குமா, இல்ல இந்தப் படம் எப்படி நம்ம வீட்டுக்கு வருதுன்னு நோண்டிப் பாக்குறது பிடிக்குமான்னு பாருங்க. முதல் ரகம்னா ஜர்னலிசம், விஸ்காம், எடிட்டிங். ரெண்டாவதுன்னா தயங்காம இசிஇ, அதாவது எலக்ட்ரானிக்ஸ் கம்யூனிகேஷன் இன்ஜினியரிங், கூடவே நெட்வொர்க்கிங்கும் நல்லா கத்துக்கட்டும். ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா ஸ்டுடியோக்குள்ள பழைய வீடியோ கேபிள் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா ஐபி நெட்வொர்க்குக்கு, அதாவது இன்டர்நெட் மாதிரி கம்ப்யூட்டர் நெட்வொர்க்குக்கு மாறிட்டு இருக்கு, முன்னாடி வெளியிலருந்து லைவ் குடுக்குற ஓபி வேன் போன இடத்துக்கெல்லாம் இப்ப நாலஞ்சு சிம் கார்டு போட்ட ஒரு பேக்க முதுகுல மாட்டிட்டு போயி லைவ் குடுத்துடுறாங்க, இதெல்லாம் தெரிஞ்ச ஆளுக்கு வேலை இருக்கு. ஆனா ரெடியா இருக்குற ப்ரோக்ராம டைம் பாத்து ஓட விடுற ப்ளேஅவுட் வேலை ஆட்டோமேஷனுக்குப் போயிட்டிருக்கு, அத மட்டும் நம்பிப் போக வேணாம்.

படிக்கிற இடம்னா தரமணில எம்ஜிஆர் பேர்ல இருக்குற அரசு திரைப்பட, தொலைக்காட்சி பயிற்சி நிறுவனம், ப்ளஸ் டூ முடிச்சதும் அப்ளை பண்ணலாம், சீட்டு கம்மி, கட்டணமும் தனியார விட ரொம்பக் கம்மி. டிகிரி முடிச்சப்புறம்னா புனேல இருக்குற மத்திய அரசோட ஃபிலிம், டிவி இன்ஸ்டிட்யூட் எஃப்டிஐஐல டிவிக்குன்னே தனி விங் இருக்கு, கொல்கத்தால சத்யஜித் ரே இன்ஸ்டிட்யூட் இருக்கு. மூணு மாசத்துல ஆங்கர் ஆக்குறோம், நூறு சதவீதம் ப்ளேஸ்மெண்ட்னு சொல்ற இடத்துல மட்டும் தயவுசெஞ்சு பணம் கட்டாதீங்க. அப்படி நகைய அடமானம் வச்சு கட்டிட்டு எங்கிட்ட வந்து அழுத அம்மாக்கள நான் பாத்திருக்கேன்.

தூர்தர்ஷன்ல கவர்மெண்ட் வேலை கெடைக்குமான்னு அப்பா கேட்டாருன்னு சொன்னீங்கல்ல. 1959ல டெல்லில ஆரம்பிச்சது, 1975ல சென்னைக்கு வந்துச்சு, நம்ம பொதிகை 2024ல டிடி தமிழ்னு மாறிச்சு, எல்லாம் சரி. ஆனா இப்ப தூர்தர்ஷன நடத்துற பிரசார் பாரதி அறிவிப்புல வர்றது பெரும்பாலும் கான்ட்ராக்ட்தான். அனுபவத்துக்கு அருமையான இடம், பென்ஷன நெனச்சு மட்டும் போகக்கூடாது. நாடு பூரா சுமார் 900 சாட்டிலைட் சேனல் இருக்கு, ஓடிடி இருக்கு, கிரிக்கெட்டு கபடின்னு ஸ்போர்ட்ஸ் லைவ் இருக்கு, பார்வைய அந்தப் பக்கமும் திருப்பணும்.

நைட் ஷிஃப்ட் பத்தி மறைக்க மாட்டேன், இருக்கும். தீபாவளி பொங்கல் லீவும் நிச்சயமில்ல, முதல் ரெண்டு வருஷம் சம்பளமும் கம்மியாத்தான் இருக்கும். ராத்திரி போக வர கேப் வசதி உண்டா, எழுத்துல தருவாங்களான்னு இன்டர்வியூலயே கேட்டுடணும், அது உரிமை, கூச்சப்பட வேணாம்.

இந்த வாரம் ஒண்ணு பண்ணுங்க. ராத்திரி ஒரு நியூஸ் புல்லட்டின சவுண்ட மியூட்ல போட்டு அரை மணி நேரம் அவள பாக்கச் சொல்லுங்க, என்னென்ன கவனிச்சான்னு அவளே ஒரு நோட்ல எழுதட்டும், நீங்க பக்கத்துல இருந்து எதுவும் சொல்லாதீங்க. ஞாயித்துக்கிழம அந்த நோட்டோட ரெண்டு பேரும் வாங்க, அத வச்சு எந்த கோர்ஸுன்னு பேசுவோம்.