எட்டு நாடு டூரா, இரண்டே ஊரா?

கேள்வி: எனக்கு 61 வயது. கூட்டுறவு வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று திருநெல்வேலியில் இருக்கிறேன். மனைவிக்கு 57, முழங்கால் வலி கொஞ்சம் உண்டு. இருவரும் சைவம். வரும் செப்டம்பரில் ஐரோப்பா போக ஆசை, இதற்கு முன் வெளிநாடு போனதில்லை. 12 இரவு 13 பகலில் எட்டு நாடு காட்டுகிறோம் என்று ஒரு டூர் கம்பெனி சொல்கிறது. அந்தக் காசுக்கு பாரிஸையும் சுவிட்சர்லாந்தையும் மட்டும் நீங்களே நிதானமாகப் பார்த்துவிட்டு வாருங்கள் என்கிறான் பெங்களூரில் இருக்கும் மகன். இங்கிலீஷ் ஓரளவு சமாளிப்போம். எது சரி?

பதில்: மகன் சொல்வதுதான் உங்கள் இருவருக்கும் பொருந்தும். ஏன் என்று சொல்கிறேன், எப்போது டூர் சரி என்பதையும் சொல்கிறேன். டூர் கம்பெனி என்றாலே ஏமாற்று என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது, நம் ஊரிலிருந்து முதல்முறை கிளம்பிய எத்தனையோ பெரியவர்களைப் பத்திரமாகக் கொண்டுபோய்க் கொண்டுவந்து சேர்த்தவர்கள் அவர்கள்தான்.

முதலில் அந்தக் கம்பெனி கொடுத்த பயணத் திட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளுக்கும் எதிரே ராத்திரி எந்த ஊரில் படுக்கிறீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். எட்டு நாடு என்றால் பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, லிக்டன்ஸ்டைன், ஆஸ்திரியா, இத்தாலி என்றுதான் பெரும்பாலும் இருக்கும். 12 இரவில் ஒன்று விமானத்தில் போய்விடும். மீதி 11 இரவில் பாரிஸ் இரண்டு, சுவிஸ் மூன்று என்று வைத்தால் மற்ற ஊர்களில் எல்லாம் ஒரு ராத்திரிதான். அதாவது ஏறக்குறைய எட்டு ஹோட்டல், எட்டு முறை பெட்டி கட்டி, காலை ஏழு மணிக்குள் அறை வாசலில் வைத்துவிட்டு, அவசரமாகச் சாப்பிட்டு பஸ் ஏற வேண்டும். உங்கள் மனைவியின் முழங்காலுக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்றால் இந்தத் திட்டத்தில் அந்த நாள் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

பஸ்ஸில் உட்காரும் நேரத்தையும் பாருங்கள். பாரிஸிலிருந்து பிரஸ்ஸல்ஸ் 300 கிலோமீட்டர், அங்கிருந்து ஆம்ஸ்டர்டாம் இன்னொரு 200. பல டூர்களில் இது ஒரே நாள். பிரஸ்ஸல்ஸில் இறங்கி அந்தப் பெரிய சதுக்கத்தைப் பார்த்து, சிறுநீர் கழிக்கும் சிறுவன் சிலை முன்னால் படம் எடுத்து, சாக்லேட் வாங்கினால் பெல்ஜியம் முடிந்தது. டூர் மேனேஜர் ஏன் இப்படி விரட்டுகிறார் என்று பலர் கோபப்படுவார்கள். அது அவர் கையில் இல்லை. ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி பஸ் டிரைவர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும், ஒரு நாளில் பொதுவாக 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, ராத்திரி ஓய்வும் பொதுவாக 11 மணி நேரம் இருக்க வேண்டும். நீங்கள் ஒரு இடத்தில் அரை மணி நேரம் கூடுதலாக நின்றால் மறுநாள் காலை பஸ் கிளம்புவதே தள்ளிப்போகும். நல்ல சட்டம் அது, உங்கள் உயிருக்கும் சேர்த்துத்தான் போட்டிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கடிகாரத்துக்குள்தான் உங்கள் பயணம் நடக்கும்.

அடுத்து, ஒவ்வொரு இடத்துக்கும் உள்ளே போகிறோமா, வெளியே நின்று படம் எடுக்கிறோமா, பஸ்ஸிலிருந்தே பார்க்கிறோமா என்று கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். லூவ்ர் அருங்காட்சியகம் பல டூர்களில் அந்தக் கண்ணாடிப் பிரமிடு முன்னால் ஒரு போட்டோதான். அது போதும் என்றால் தவறே இல்லை, தெரிந்து போக வேண்டும், அவ்வளவுதான்.

நான் மகன் பக்கம் சாய்வதற்கு எல்லாவற்றையும் விட முக்கியக் காரணம் மலை. சுவிஸ் போகிறவர்கள் டிட்லிஸ் அல்லது யுங்ஃபிராவ்யோக் ஏறாமல் வருவதில்லை. டிட்லிஸில் சுழலும் கேபிள் கார் உங்களை 3,000 மீட்டருக்கு மேலே கொண்டுபோய் விடுகிறது, யுங்ஃபிராவ்யோக் ரயில் நிலையம் 3,454 மீட்டரில் இருக்கிறது. மேலே மேகம் மூடியிருந்தால் வெள்ளைச் சுவர் ஒன்றைத்தான் பார்த்துவிட்டு இறங்குவீர்கள். குழுவுக்கு 9ஆம் தேதி டிட்லிஸ் என்றால் 9ஆம் தேதிதான், வானம் எப்படி இருந்தாலும். நீங்களே போனால், ஒரே ஊரில் ஆறு ராத்திரி தங்கி, தினமும் காலை எழுந்ததும் போனில் அந்த மலையின் நேரடி கேமராவைப் பார்க்கலாம். எல்லா முக்கிய மலைகளுக்கும் அவர்கள் இணையதளத்திலேயே இது உண்டு. உச்சி பளிச்சென்று தெரிகிறதா, அன்றைக்கே டிக்கெட் வாங்கிக் கிளம்புங்கள். மேகமா, படகில் போங்கள், அல்லது பெர்ன் நகரம், அல்லது அறையில் காலை நீட்டிப் படுத்திருங்கள். அவ்வளவு செலவு செய்து அவ்வளவு தூரம் போகிறவருக்கு இந்த ஒரு வசதி எட்டு நாட்டையும் விடப் பெரிது என்பது என் தீர்மானமான கருத்து. (அந்த உயரத்தில் காற்று மெலிது. பிரஷர், இருதயத் தொந்தரவு ஏதாவது இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.)

என் யோசனை இது. பாரிஸில் நான்கு ராத்திரி, சுவிட்சர்லாந்தின் லூசர்ன் என்ற ஊரில் ஆறு ராத்திரி. போகும்போது பாரிஸில் இறங்கி, வரும்போது சூரிக்கிலிருந்து ஏறுகிற மாதிரி ஒரே டிக்கெட்டாகப் போட்டுக்கொள்ளுங்கள், வந்த வழியே திரும்பத் தேவையில்லை. சென்னைக்குத்தான் போக வேண்டும் என்றில்லை, உங்களுக்குத் திருவனந்தபுரம்தான் கிட்ட, அங்கிருந்து வளைகுடா வழியாகப் போகலாம். பாரிஸிலிருந்து சுவிஸ் எல்லையில் இருக்கிற பாசல் நகரத்துக்கு ரயிலில் மூன்று மணி நேரம், அங்கே மாறினால் லூசர்ன் ஒரு மணி நேரம்.

லூசர்னை ஏன் சொல்கிறேன் என்றால், ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே ஏரி, ஏரிக்கரையிலேயே படகுத்துறை, பஸ் நிறுத்தமும் அங்கேயே. முழங்கால் வலிக்காரருக்கு இதைவிட வசதியான ஊர் கிடைப்பது கஷ்டம். படகில் ஒரு மணி நேரம் போல ஃபிட்ஸ்னாவ் போய், அங்கிருந்து பல்சக்கர ரயிலில் ரிகி மலை ஏறலாம். 1871இல் ஓடத் தொடங்கிய ரயில் அது, ஐரோப்பாவின் முதல் பல்சக்கர மலை ரயில். உச்சி வரைக்கும் உட்கார்ந்தே போகலாம். சுவிஸ் டிராவல் பாஸ் வாங்கினால் ரயில், பஸ், ஏரிப் படகு, இந்த ரிகி ரயில் எல்லாம் அதிலேயே அடக்கம், டிட்லிஸுக்குப் பாதி விலை. பாஸ் விலை கையைக் கடிக்கும். அதனால் தினமும் எங்கே போவீர்கள் என்று மகனை உட்காரவைத்து ஒரு கணக்குப் போட்டு, பாஸா, பாதி விலையில் டிக்கெட் தரும் ஹாஃப் ஃபேர் கார்டா என்று முடிவு செய்யுங்கள். நிறைய நாள் ஊருக்குள்ளேயே இருப்பீர்கள் என்றால் கார்டே போதும்.

பாரிஸில் ஒரு எச்சரிக்கை. மெட்ரோ நிலையங்களில் பாதிக்கு மேல் படிக்கட்டுதான், லிஃப்ட் கிடையாது. பஸ்ஸில் போங்கள், ஊரையும் பார்த்த மாதிரி ஆச்சு. லூவ்ருக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஈஃபில் கோபுர லிஃப்ட் டிக்கெட் 60 நாள் முன்பே அவர்கள் இணையதளத்தில் திறந்துவிடும், சீக்கிரம் தீர்ந்தும்விடும். கூட்டத்தில் பர்ஸ், பாஸ்போர்ட் பத்திரம். கையெழுத்துப் போடச் சொல்லி அட்டையை நீட்டிக்கொண்டு யாராவது வந்தால் நிற்காமல் நடந்துவிடுங்கள்.

சாப்பாட்டுக்குத்தான் பாதிப் பேர் டூருக்குப் போகிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் குழுவில் கிடைக்கிற இந்தியச் சாப்பாடு பெரும்பாலும் ரொட்டி, தால், பன்னீர்தான், நாலாவது நாள் நம் நாக்கு ரசத்தைத் தேடும். பாரிஸில் கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் லா ஷப்பேல் இருக்கிறது. ஈழத்தமிழர்கள் உருவாக்கிய கடைத்தெரு, தமிழ்ப் பெயர்ப்பலகைகள், தோசை, இடியப்பம், வெற்றிலை வரைக்கும் கிடைக்கும், பக்கத்திலேயே மாணிக்க விநாயகர் கோயில். முதல் நாள் சாயங்காலமே அங்கே போய்வந்தால் உங்களுக்கு ஒரு தைரியம் வந்துவிடும். சுவிஸிலும் ஈழத்தமிழர் நிறையப் பேர் வாழ்கிறார்கள், பெரிய ஊர்களில் தமிழ்க் கடை இருக்கும். கூப், மிக்ரோஸ் என்ற இரண்டு சூப்பர் மார்க்கெட்டிலும் தயிர், அரிசி, பழம், ரொட்டி எல்லாம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஊரே பூட்டிக் கிடக்கும், ஆனால் லூசர்ன் ரயில் நிலையத்துக்குள் இருக்கிற கடைகள் திறந்திருக்கும். ஊரிலிருந்து பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் எடுத்துப் போகலாம். நெய், பால்கோவா, பச்சைக் கறிவேப்பிலை வேண்டாம். பால் பொருளுக்கும் இறைச்சிக்கும் தடை, பச்சை இலை, பெரும்பாலான பழங்களுக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். சமையலறை உள்ள வீடு எடுத்தால் செலவு குறையும் என்று எல்லாரும் சொல்வார்கள், நானும் சொல்வேன். ஆனால் அங்கேயும் காலையில் எழுந்து உங்கள் மனைவிதான் குக்கர் வைக்க வேண்டும் என்று ஆகிவிட்டால், அவருக்கு அது பயணமே இல்லை. டூரில் அவருக்கு அந்த விடுதலை நிச்சயம் கிடைக்கும், பல பெண்கள் குழு டூரை விரும்புவதற்கு உண்மையான காரணம் இதுதான். நீங்கள் சமைப்பதாக இருந்தால் வீடு எடுங்கள், இல்லையென்றால் காலை உணவோடு ஹோட்டல் போடுங்கள். உங்கள் கடிதத்தில் அவர் என்ன விரும்புகிறார் என்று ஒரு வரிகூட இல்லை. நீங்களும் மகனும் பேசி முடித்துவிட்டு அவருக்குத் தகவல் சொல்லாமல், அவரிடம் தனியாகக் கேளுங்கள். பனியா, கடையா, கோயிலா, பேச நாலு பேர் துணையா? அவர் துணைதான் முக்கியம் என்றால் என் பதிலே மாறும்.

ஆமாம், டூர் சரியாக இருக்கும் ஆட்கள் உண்டு. தனியாகப் போகிற பெரியவர்கள், புது ஊரில் வழி தப்பினால் படபடப்பு வந்து ராத்திரி தூங்காதவர்கள், போனில் வரைபடம் பார்க்கப் பழகாதவர்கள், வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் போவேன், ரோம், வெனிஸ், பாரிஸ் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று நினைப்பவர்கள். அப்படி முடிவு செய்தால், எட்டு நாட்டை விட்டுவிட்டு மூன்று நான்கு நாடு மட்டும் உள்ள டூராகப் பாருங்கள், ஒவ்வொரு ஹோட்டலிலும் குறைந்தது இரண்டு ராத்திரி இருக்கட்டும், ஹோட்டல் ஊருக்குள் இருக்கிறதா நெடுஞ்சாலை ஓரத்திலா, குழுவில் எத்தனை பேர், தமிழ் பேசும் மேனேஜரா என்று கேளுங்கள். விசா, டிப்ஸ், இன்ஷூரன்ஸ், ஜிஎஸ்டி, கூடுதல் கட்டண இடங்கள் எல்லாம் சேர்த்தால் மொத்தம் எவ்வளவு என்பதையும், விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்ப வரும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். டூர் பேக்கேஜுக்கு டிசிஎஸ், அதாவது முன்கூட்டியே பிடிக்கிற வருமான வரி, பிடிப்பார்கள். உங்களுக்கு வரி இல்லையென்றால் ரிட்டர்ன் தாக்கல் செய்துதான் அதைத் திரும்ப வாங்க முடியும்.

மகன் வழியில் போக முடியுமா என்று சந்தேகமாக இருந்தால், இப்போதே ஒரு ஒத்திகை பாருங்கள். நீங்கள் இருவரும் இதுவரை போகாத ஹைதராபாத்துக்கு மூன்று நாள் போங்கள். ஆட்டோ, கார் பிடிக்காமல் மெட்ரோ, பஸ், போன் வரைபடம், உங்கள் பெட்டியை நீங்களே தூக்கிக்கொண்டு. மகனுக்கு போன் செய்யாமல் சமாளித்துவிட்டால் லூசர்னில் உங்களுக்கு ஒரு கஷ்டமும் இருக்காது, அங்கே ரயிலும் பஸ்ஸும் அதைவிட ஒழுங்கு. இரண்டாவது நாளே சலித்துச் சண்டை வந்தால் டூருக்குப் பணம் கட்டுங்கள்.

விசா பற்றி: எந்த நாட்டில் அதிக ராத்திரி தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் கேட்க வேண்டும், என் திட்டப்படி அது சுவிட்சர்லாந்து. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கட்டணம் ஆளுக்கு 90 யூரோ, மறுத்தால் திரும்ப வராது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியச் சான்று, வங்கிக் கணக்கு விவரம், நாள்வாரியான பயணத் திட்டம் வேண்டும். காப்பீட்டுப் படிவத்தில் சர்க்கரை, பிரஷர் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். கோடையில் கைரேகை கொடுக்கத் தேதி கிடைப்பது கஷ்டம், அதனால் ஏப்ரல், மே மாதத்திலேயே வேலையைத் தொடங்குங்கள். ஹோட்டல்களை இலவசமாக ரத்து செய்கிற வகையில் போட்டு வையுங்கள், பணம் திரும்பாத விமான டிக்கெட்டை விசா கையில் வந்த பிறகு வாங்குங்கள்.