இங்கே வரக்கூடாது

அன்புள்ள அண்ணா,

பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதிய பழைய இணையதளம் ஒன்றைப் பராமரிக்கிறேன். பிஎச்பி 8.4 பதிப்புக்கு மாறியதிலிருந்து, ‘டிரிகர் எரர்’ கட்டளை போட்டுச் சொந்தப் பிழைச்செய்தி காட்டும் இடங்களிலெல்லாம் ‘டெப்ரிகேட்டட்’ (இனி பயன்படுத்த வேண்டாம்) என்று முனகுகிறது. என்ன செய்ய? “தவறான உள்ளீடு” என்று செய்தியைத் தமிழிலேயே வைக்கலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

முதல் கேள்விக்கு ஒரு வரி போதும். அந்தக் கட்டளையை ‘யூசர் எரர்’ வகையோடு கூப்பிட்டால்தான் 8.4 முனகும், வார்னிங், நோட்டீஸ் வகைகளை அப்படியே விடுங்கள். ‘யூசர் எரர்’ உள்ள இடங்களில் அதற்குப் பதில் எக்ஸெப்ஷன் எறியுங்கள், அதாவது வேலையை அங்கேயே நிறுத்திப் பிழையைக் கையாளும் பகுதிக்கு அனுப்புங்கள். 2004-இல் பிஎச்பி 5 வந்தபோதே அந்த வசதி வந்துவிட்டது.

தமிழில் வைக்க என்னிடம் அனுமதி எதற்கு? பிஎச்பியில் வரும் ‘::’ என்ற இரட்டை முக்காற்புள்ளிக் குறிக்கு அதன் மூல நிரலில் வைத்த பெயர் ‘பாமாயிம் நெகுடோதாயிம்’. பச்சை எபிரேயம். பிஎச்பி 3-க்கான எஞ்சினை (நிரலை ஓட்டும் பகுதியை) எழுதிய இஸ்ரேல்காரர்கள் கூச்சப்படாமல் தங்கள் மொழியில் வைத்தார்கள். பல வருடம் அது பிழைச்செய்தியில் அப்படியே வந்து, உலகமே மண்டையைப் பிய்த்துக்கொண்டது.

என் கோபம் “தவறான உள்ளீடு” மேல்தான். எது தவறு? எந்தக் கட்டத்தில்? என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும்? “பில் தேதி 31/02 என்று வந்திருக்கிறது, பிப்ரவரியில் அப்படி நாள் இல்லை” என்று எழுத உங்களுக்கு அரை நிமிடம் ஆகுமா? பிழை வந்த கோப்பின் பெயரும் வரி எண்ணும் நீங்கள் பார்க்கும் லாகுக்கு (பிழைப் பதிவேட்டுக்கு) போகட்டும், திரையில் இருப்பவருக்கு அவர் செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள். இரண்டும் வேறு வேறு செய்தி. ஒன்றையே இரண்டு இடத்திலும் ஒட்டுவது சோம்பேறித்தனம் தம்பி, வேறு பெயர் கிடையாது.

நானும் செய்தவன்தான். ஒரு இரும்புக் கடைக்கு பில் போடும் நிரல் எழுதிக் கொடுத்தேன். நடக்கவே நடக்காது என்று நினைத்த ஒரு ‘எல்ஸில்’ (எந்த நிபந்தனையும் பொருந்தாதபோது ஓடும் பகுதியில்), எனக்கு நானே சொல்லிக்கொள்வதுபோல “இங்கே வரக்கூடாது” என்று போட்டு வைத்திருந்தேன். இரண்டு வருடம் கழித்து இரவு ஒன்பது மணிக்குக் கடைக் கணக்குப்பிள்ளையின் போன். அறுபது தாண்டியவர்.

“தம்பி, பில் போட உக்காந்தா இங்க வரக்கூடாதுங்குது. நான் என்ன தப்பு பண்ணேன்?”

தேதியில் சாய்கோட்டுக்குப் பதில் புள்ளி வைத்திருந்தார். அவ்வளவுதான். மறுநாள் காலையில் போய்ச் சரிசெய்தேன். அதுவரை அவர் அந்த நாற்காலியில் உட்காரவில்லை. பக்கத்தில் ஸ்டூல் போட்டுக் கையால் பில் எழுதிக்கொண்டிருந்தார்.